வரிசையில் முதல் ஆள்

"சார், இங்க எத்தனை பேர் எடுக்கறாங்க?"

ஸ்டோர் கீப்பர் திடுக்கிட்டுத் திரும்பினார். காலை எட்டே முக்கால். பூட்டிக் கிடந்த மின்விசிறிக் கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் இதுவரை அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். இப்போது பின்னால் இன்னொருவர் முளைத்திருந்தார். தேய்த்த சட்டை, டை, கையில் நீளக் குடை.

"யாரையும் எடுக்கலைங்க. கம்பெனியை மூடி ரெண்டு மாசம் ஆச்சு. பூட்டைப் பார்க்கலையா?"

குடைக்காரர் பூட்டைப் பார்த்தார். பிறகு ஸ்டோர் கீப்பரின் ஷூவைப் பார்த்தார். அது முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது.

"அப்புறம் நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

"உள்ளே என் சர்டிபிகேட் மாட்டிக்கிச்சு. எடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஓஹோ, சர்டிபிகேட்டெல்லாம் கேக்கறாங்களா?" என்று சொல்லிவிட்டு, குடைக்காரர் இன்னும் ஓரடி நெருங்கி நின்றுகொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊர் நிலைமை அப்படி. ஆறு மாதமாகக் கடைகளும் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. பேப்பர்காரர்கள் இதற்கு மந்தநிலை என்று பெயர் வைத்திருந்தார்கள். மந்தமாவது, மண்ணாங்கட்டியாவது! ஊரே பயோடேட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. எங்கே ரெண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றாலும் முதலில் போய் நின்றுவிட வேண்டும். எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். போன வாரம் பல் ஆஸ்பத்திரி வாசலில் இப்படித்தான் ஒருவர் வேலைக்கு என்று நின்றார். முறை வந்ததும் திரும்பிப் போகக் கூச்சப்பட்டு, நன்றாக இருந்த பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஸ்டோர் கீப்பருக்கோ பதினோரு மணிக்கு நிஜமாகவே ஓர் இன்டர்வியூ இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி. ஸ்டோர் இன்சார்ஜ் வேலை. ஒரே ஓர் இடம். 'அனுபவச் சான்றிதழின் அசல் இல்லாமல் வர வேண்டாம். நேரம் தவறினால் சந்திக்க இயலாது' என்று கடிதத்தில் மேனேஜர் கறாராக எழுதியிருந்தார்.

அந்த அசல் இருந்த இடம்தான் தலைவலி. கம்பெனி மூடிய அன்று முதலாளி கண் கலங்க அதைக் கையில் கொடுத்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் செய்வது போலவே, இவர் அதற்கும் ஒரு நம்பர் போட்டு, ஃபைலில் கோத்து, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, டிராயர் சாவியை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கேட் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. "ஒன்பது மணிக்கு டாண்ணு வந்துடுவேன் சார்" என்று அவர் சொல்லியிருந்தார்.

இன்டர்வியூவைப் பற்றி ஸ்டோர் கீப்பர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட இல்லை. அவளிடம் சொன்னால் பத்து நிமிஷத்தில் அவள் தம்பியின் காதுக்குப் போய்விடும். சோபாக் கடையில் இருந்த வேலை போய் அவனும் சும்மாதான் இருந்தான். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே காலியாக ஓர் அறைகூடக் கிடையாது. மச்சினனும் அவன் குறட்டையும் இருக்கும் அறையில்தான் இவர்களும் ஒண்ட வேண்டும்.

மணி ஒன்பது ஆயிற்று. வாட்ச்மேன் வரவில்லை. நாற்பது பேர் வந்தார்கள்.

"ஐயா, அம்மா, எல்லாரும் கேளுங்க!" என்று ஸ்டோர் கீப்பர் கத்தினார். "இங்க வேலை கிடையாது! வீணா நிக்காதீங்க!"

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டைப்பிஸ்ட் அம்மாள் சிரித்தார். "முதல்ல நிக்கறவர் இப்படித்தான் சொல்வார். நாம போயிட்டா அவருக்கு நல்லதுதானே!"

"சத்தியமாங்க! என் சர்டிபிகேட்டை எடுக்கத்தான் வந்தேன்!"

"ஒரிஜினலா, நகலா?"

"ஒரிஜினல்."

அவ்வளவுதான். வரிசை முழுவதும் போன் பறந்தது. "ஏம்மா, பீரோவுல என் ஒரிஜினல் இருக்கும், உடனே எடுத்துட்டு ஓடி வா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அரை மணி நேரத்தில் ஒரிஜினல்கள் வந்தன. கொண்டுவந்தவர்களும் திரும்பிப் போகாமல் வரிசையில் நின்றுகொண்டார்கள்.

அப்புறம் தள்ளுமுள்ளு ஆரம்பமாயிற்று. "நான் டீ குடிக்கப் போயிருந்தேன், இது என் இடம்!" என்று ஒருவர். "இடத்துல உன் பேரு எழுதியிருக்கா?" என்று இன்னொருவர். சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் ஸ்டோர் கீப்பர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். கும்பல் என்றால் அவருக்கு ஆகாது. ஒரு டப்பா ஆணி வாங்க வந்தாலும் பத்தொன்பது வருஷம் வரிசைப்படி நம்பர் கொடுத்த கை அது. பையிலிருந்த நோட்டை எடுத்தார், தாளைக் கிழித்தார், ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். முதல் நம்பரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவதைக் குடைக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நம்பர்படி நில்லுங்க! நடைபாதையை மறைக்காதீங்க! ஒருத்தருக்கு ஒரு சீட்டுதான்!"

சண்டை சட்டென்று அடங்கிவிட்டது. சந்தோஷத்தோடு நிமிர்ந்தபோதுதான், எழுபது ஜோடிக் கண்கள் தன்னையே பக்தியோடு பார்ப்பதை அவர் கவனித்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் டைப்பிஸ்ட் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம். "ஆபீசரே நம்மள்ல ஒருத்தரா நின்னு நோட்டம் பார்த்திருக்கார். நான் அவரைப் பத்தி என்னென்னமோ பேசிட்டேனே, கடவுளே!"

"அம்மா, நான் ஆபீசர் இல்லைம்மா!"

"என்ன ஒரு அடக்கம்!" என்று யாரோ சொல்ல, பயோடேட்டாக்கள் வந்து அவர் கையில் குவிந்தன. குடைக்காரர் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். வெயில் உச்சந்தலையில் படாமல் சுகமாகத்தான் இருந்தது. அதை அனுபவிக்கத்தான் நேரமில்லை.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நீங்க வேலைக்கு ஆளெடுக்கறீங்களாமே!"

"யாருடி சொன்னது?"

"எதிர்வீட்டு அக்காதான். அவங்க வீட்டுக்காரர் அங்கதான் நிக்கறாராம், எழுபத்தி மூணாம் நம்பராம். ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் வேலை கொடுப்பீங்க, என் தம்பி மட்டும் உங்க கண்ணுல படமாட்டானா?"

"எனக்கே வேலை இல்லைங்கறது உனக்குத் தெரியாதா?"

"அதையேதான் நானும் கேக்கறேன். வேலை கிடைச்சதை எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே! தம்பி ஆட்டோவுல வந்துக்கிட்டிருக்கான். மத்ததை வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

ஆட்டோ வந்து நின்றது. மச்சினன் பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

"மாமா! உங்களை என்னமோன்னு நினைச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க மாமா!"

"டேய், இங்க ஒண்ணும் இல்லைடா. வீட்டுக்குப் போ."

"புரியுது மாமா," என்று அவன் கண்ணடித்தான். "எல்லார் முன்னாடியும் அப்படித்தான் சொல்லணும்." சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றான்.

"சொந்தக்காரனைச் செருகறாங்கப்பா!" என்று வரிசை கொதித்தது. அவனை நூற்றுப் பதினெட்டாம் நம்பரில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் ஸ்டோர் கீப்பரின் தொண்டை கட்டிவிட்டது.

மணி பத்து. வாட்ச்மேன் போனையும் எடுக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் ஒரு முடிவுக்கு வந்தார். அசலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மேனேஜர் காலில் விழுந்தாவது நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று கெஞ்சிக்கொள்ளலாம். அவர் மெதுவாக நழுவி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். இருபது அடி போனதும் பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வரிசை வந்துகொண்டிருந்தது. நம்பர்படி வந்துகொண்டிருந்தது.

"நீங்கல்லாம் எங்க வர்றீங்க?"

"இன்டர்வியூ வேற இடத்துலயா சார்? பரவாயில்லை, எங்க இருந்தாலும் வர்றோம்!"

இந்த நூற்று நாற்பது பேரும் மருந்துக் கம்பெனி மாடியேறி வந்தால்? அவர்களில் எத்தனை பேர் கையில் ஒரிஜினல் இருந்தது! ஸ்டோர் கீப்பர் கையில்தான் இல்லை. பஸ் வந்தது. டிரைவர் வரிசையைப் பார்த்துவிட்டு நிறுத்தாமலே போனார். அடுத்த பஸ்ஸும் அப்படியே போனது.

மூன்றாவதாக வந்தது கான்ஸ்டபிள்.

"யாருய்யா இதுக்கெல்லாம் பொறுப்பு?"

நூற்று நாற்பது விரல்கள் ஒரே ஆளைக் காட்டின.

"சார், நான் பஸ்ஸுக்குத்தான் நிக்கறேன்."

"இத்தனை பேரையும் கூட்டிக்கிட்டா? டிராஃபிக் மொத்தமும் நின்னு போச்சு. மரியாதையா பழைய இடத்துக்கே கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா ஸ்டேஷனுக்கு வாங்க." கான்ஸ்டபிள் அதட்டிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சார், என் பொண்ணு கணக்குல டிகிரி முடிச்சிருக்கா. ஒரு நம்பர் கிடைக்குமா?"

ஸ்டோர் கீப்பரின் கை தானாக ஒரு தாளைக் கிழித்து நூற்று நாற்பத்தொன்று என்று எழுதியது. என்ன எழுதினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வரிசை கேட்டுக்குத் திரும்பியது. அப்போது தெருமுனையில் ஒரு சைக்கிள் தெரிந்தது. வாட்ச்மேன்! ஸ்டோர் கீப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணி பத்தேகால். இப்போது எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பறந்தால்கூடப் போய்விடலாம்!

வாட்ச்மேன் கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பாக்கிச் சம்பளம் கேட்டுப் பழைய தொழிலாளர்கள் திரண்டு வந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். சைக்கிள் அப்படியே திரும்பியது.

"ஐயோ, போறாரே!" என்று ஸ்டோர் கீப்பர் அலறினார். "அவரைப் பிடிங்க! சாவி அவர்கிட்டதான் இருக்கு!"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார். நூற்று நாற்பது பேரும் ஒரிஜினலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். மச்சினன்தான் முன்னால் ஓடினான். "மாமா, நான் பிடிக்கறேன் மாமா!" அவனை இவ்வளவு சுறுசுறுப்பாக ஸ்டோர் கீப்பர் இதற்கு முன் பார்த்ததே இல்லை. வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். பெடலை மிதித்தார் பாருங்கள், அப்படி ஒரு மிதி! ஐம்பத்தெட்டு வயசு ஆள் என்று யாரும் சொல்ல முடியாது.

சாவி இதோ வந்துவிடும் என்று காத்திருந்த ஸ்டோர் கீப்பரிடம், ஒரு மணி நேரம் கழித்து மூச்சு வாங்க மச்சினன் திரும்பி வந்தான்.

"மாமா, அவர் சைக்கிளோட நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே போயிட்டார். தன்னைக் காப்பாத்தச் சொல்லி சாவியை இன்ஸ்பெக்டர்கிட்ட ஒப்படைச்சிட்டார். இனிமே முதலாளி நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சாவி கிடைக்குமாம்."

"முதலாளி எங்கடா இருக்கார்?"

"அதைத்தான் மாமா அவங்களும் தேடிக்கிட்டிருக்காங்க."

ஓடியவர்கள் எல்லாரும் திரும்பி வந்து நம்பர் பிசகாமல் நின்றுகொண்டார்கள். மணி பதினொன்றே கால். ஸ்டோர் கீப்பர் நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். இனி மாமனார் வீடுதான். அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

குடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குடையை மட்டும் இன்னும் அவருக்கு மேலேயே பிடித்திருந்தார்.

"என்ன சார், முகம் இப்படி வாடிடுச்சு?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஸ்டோர் கீப்பர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நான் சாருமில்லை, மோருமில்லை. நானும் வேலை போன ஆள்தாங்க. பதினோரு மணிக்கு ஒரு இன்டர்வியூ இருந்துச்சு. வெளியே சொன்னா இத்தனை பேரும் அங்க வந்துடுவாங்களேன்னு பயந்து வாயைத் திறக்கலை. இப்ப நேரம் தாண்டிடுச்சு. எல்லாம் போச்சு!"

"அடப் பாவமே. எந்தக் கம்பெனிங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம், மருந்துக் கம்பெனி. ஸ்டோர் இன்சார்ஜ் வேலை."

குடைக்காரர் குடையை மெதுவாக மடக்கினார்.

"ஏங்க, நீங்களும் அதுக்கு அப்ளை பண்ணியிருந்தீங்களா?" என்று ஸ்டோர் கீப்பர் கேட்டார்.

"இல்லைங்க. உங்களுக்கு வந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்ட மேனேஜரே நான்தான். நேத்து சாயங்காலம் எங்க கம்பெனியையும் மூடிட்டாங்க."