பொத்ரேரோக்காரர்

வாசகப் பெருமக்களே, மனித குலத்தில் ஒற்றைச்சொல்காரர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், வரி கட்டுவார்கள், டென்மார்க்கின் மழையைத் திட்டுவார்கள். ஆனால் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு சொல் இவர்கள் கையில் அகப்பட்டுவிடும். அன்று முதல் அந்தச் சொல்லை நாளுக்கு ஒருவருக்காவது விளக்காவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. ஒருவருக்குக் கொலஸ்ரரோல். இன்னொருவருக்கு முதலீடு. எங்கள் சில்க்போர்க் தேவராசா அண்ணைக்குப் பொத்ரேரோ.

என்ன முழிக்கிறீர்கள்? தெரியாதா? ஐயையோ, தெரியாது என்று அவர் முன்னால் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரியும் என்றும் சொல்லாதீர்கள். தெரியாது என்றால் விளக்குவார். தெரியும் என்றாலோ, நீங்கள் பிழையாக விளங்கி வைத்திருப்பீர்கள் என்ற கவலையில் இன்னும் விரிவாக விளக்குவார்.

ஆகவே நானே சொல்லித் தொலைக்கிறேன். ஸ்பானிய மொழியில் பொத்ரேரோ என்றால் மேய்ச்சல் தரை, முக்கியமாகக் குதிரைகளை மேயவிடும் இடம். அவ்வளவுதான், முடிந்தது. உங்களுக்கும் எனக்கும் முடிந்தது. அண்ணைக்கு இங்கேதான் தொடங்குகிறது. சான்பிரான்சிஸ்கோவில் பொத்ரேரோ என்று ஒரு குன்று, கொஸ்ரா றிக்காவில் பொத்ரேரோ என்று ஒரு கடற்கரை, மெக்சிக்கோவில் பொத்ரேரோ என்று மனிதர்கள் கயிறு கட்டி ஏறும் செங்குத்துப் பாறைகள், ஆர்ஜென்ரீனாவில் பொத்ரேரோ என்று மலைக்கு நடுவில் ஊர்கள், அந்த ஆர்ஜென்ரீனாவிலேயே பொடியன்கள் பந்தடிக்கும் வெறுங்காணிக்கும் பொத்ரேரோ. ஆடு கூட ஏறப் பயப்படும் பாறைக்கு மேய்ச்சல் தரை என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று நீங்கள் சிரித்தீர்களோ, தொலைந்தீர்கள். சிரித்தவரை அண்ணை சீடராகச் சேர்த்துக்கொள்வார்.

அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் தொண்டையைச் செருமுவார். அடுத்ததாகக் காற்சட்டைப் பையிலிருந்து தொலைபேசி வரும். அதில் உலகப்படம் விரியும். தான் கண்டுபிடித்த ஒவ்வொரு பொத்ரேரோவிலும் ஒரு பச்சைக்கொடி குத்தி வைத்திருக்கிறார். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெருப்பித்து, உங்கள் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "பாருங்கோ, பாருங்கோ" என்பார். நீங்கள் பார்ப்பீர்கள். வேறு என்ன செய்வது?

இத்தனைக்கும் பிறகு அவருடைய தத்துவம் ஒன்று வரும். சில்க்போர்க்குக்குப் பக்கத்தில், ஏறினால் மூச்சுக்கூட வாங்காத ஒரு மேட்டுக்கு டேனிஷ்காரர் 'வானமலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் சுட்டிக்காட்டி அண்ணை கேட்பார்:

"அவன் மேய்ச்சல் தரையை மேய்ச்சல் தரை எண்டான். இவன் மேட்டை வானமலை எண்டான். இப்ப நீங்கள் சொல்லுங்கோ, ஆர் நேர்மையான ஆள்?"

இதை எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் நீக்கிலாஸ் என்ற டேனிஷ்காரனிடமே கேட்டிருக்கிறார். நீக்கிலாஸ் பாணைக் கடித்தபடி ஒரு பெருமூச்சைச் சொல்லாக்கி விட்டான். டேனிஷ்காரர் அப்படி மூச்சு விட்டால் 'அப்படியா, சரி, போதும்' என்று பொருள். அண்ணை அதை 'மேலே சொல்லுங்கள்' என்று எடுத்துக்கொண்டார். நீக்கிலாஸ் இப்போது காருக்குள் இருந்துதான் சாப்பிடுகிறான்.

என் கதை அதைவிட மோசம். முழங்காலில் ஒப்பறேசன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முந்திரிகைப்பழப் பையோடு அண்ணை வந்தார். சுகம் விசாரித்தார். பழத்தைக் கழுவித் தந்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்து முடிக்கவில்லை, தொண்டையைச் செருமினார். தாதிமாரும் உடற்பயிற்சி ஆசிரியையும் கெஞ்சிக் கேட்டும் கட்டிலை விட்டு இறங்காதவன் நான். அன்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கழிவறைவரை தனியே நடந்தேன். மருத்துவம் முன்னேறிவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்தச் சொல் அவருக்கு எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். அவருடைய மூத்த மகன் நிரோஜன் சான்பிரான்சிஸ்கோவில் வேலை செய்கிறான். விக்ரோரியா என்ற மெக்சிக்கோக்காரப் பெண்ணைக் கலியாணம் கட்டி, அந்தப் பொத்ரேரோக் குன்றிலேதான் குடியிருக்கிறான். பேரப்பிள்ளை பார்க்கப் போன அண்ணையைச் சம்பந்தி வீட்டார் கட்டிப்பிடித்தார்கள். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். டென்மார்க் என்றார். நல்லது, குளிர் கூடுதலா, சாப்பிடுங்கள் என்றார்கள். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. அண்ணை அங்கே காலையும் மாலையும் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு குன்று ஏறி இறங்கினார். இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ஒரு நாள் மருமகளிடம் கேட்க, அவளும் பாவம், பின்விளைவு தெரியாமல் சொல்லிவிட்டாள்.

சொல் வந்த கதை இது. அந்தச் சொல் பட்ட பாட்டை இனிக் கேளுங்கள்.

மகள் நிலக்சி இருக்கிறாளே, அவளும் வைலே நகரில் வளர்ந்த கிருஷாந்த்தும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். படித்த பிள்ளைகள், கை நிறையச் சம்பளம், குணத்தில் குறை சொல்ல ஒருவரும் இல்லை. கிருஷாந்த்தின் தகப்பன் குணசேகரம் லொறி ஓட்டுகிறவர், பூனைக்கும் தீங்கு நினையாத மனிதர். ஆனால் தாயில்லாத அந்த வீட்டில் முடிவு எடுக்கிறவர் குணசேகரத்தின் அக்கா மனோரஞ்சிதம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்க்போர்க்குக்கு நேரில் வந்து, குடும்பத்தைப் பார்த்து, கதைத்து, அதற்குப் பிறகுதான் சம்மதம் சொல்வார் என்று செய்தி வந்தது. அத்தை வேண்டாம் என்றால் தகப்பனும் வேண்டாம் என்பார். பிள்ளைகள் இரண்டும் பெரியவர்களை மீறிப் போகிற துணிவில்லாத பிள்ளைகள். நிலக்சி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

அன்று காலை ரோல்ஸை எண்ணெயில் போடமுன்னர், அண்ணையின் மனைவி யோகமலர் அக்கா கணவரிடம் சத்தியம் வாங்கினார். வாழ்க்கையில் இன்று ஒரு நாள் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. மகளும் வந்து டேனிஷில் கெஞ்சினாள். அண்ணை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அக்கா நம்பவில்லை. அயலில் இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நீங்கள் அவருக்குப் பக்கத்திலை இருங்கோ. தொண்டையைச் செருமினால் காலிலை மிதியுங்கோ."

எத்தனை வருடப் பகை எனக்கு! மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். பற்றிஸ் வந்தது, ரோல்ஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது. குணசேகரம் ஒரு வாய் குடித்துவிட்டு, வந்த வழியெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது என்றார். பக்கத்தில் ஒரு செருமல். மிதித்தேன். அவரோ விடாமல், ஒரு வெளியில் குதிரைகள் கூட்டமாக நின்று மேய்ந்தன, பார்க்க நல்ல வடிவு என்றார். கடவுளே, உலகத்தில் கதைக்க அந்த மனிதருக்கு வேறு பொருள் இல்லையா? அண்ணையின் முகம் சிவந்தது, கை காற்சட்டைப் பையைத் தடவியது. நான் பாதத்தின் மீது என் முழுப்பாரத்தையும் ஏற்றினேன். அவர் ஒரு பற்றிஸை அப்படியே வாய்க்குள் தள்ளி அடைத்து அந்தக் கண்டத்தைக் கடந்தார்.

ஆனால், வாசகரே, வீட்டில் இருந்த எல்லோரும் தவறான ஆளுக்கல்லவா காவல் போட்டிருந்தோம்!

மனோரஞ்சிதம் அக்கா கோப்பையைத் தட்டில் வைத்தார். முந்தானையால் வாயை ஒற்றினார். புன்னகைத்தார்.

"அது சரி, அண்ணை. ஊரிலை நீங்கள் எவடம்?"

இந்தக் கேள்வியை நீங்கள் அறிவீர்கள். எத்தனை மென்மையான கேள்வி! பேருந்திலும் கேட்பார்கள், கோயிலிலும் கேட்பார்கள், செத்தவீட்டிலும் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் எந்தக் கோயிலடி. கோயிலைச் சொன்னால் எந்த ஒழுங்கை. ஒழுங்கையைச் சொன்னால் இன்னாருக்கு நீங்கள் என்ன முறை. அதன் பின் தொலைபேசி ரொறன்ரோவுக்குப் போகும். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்குப் போகும். கடைசியில் எல்லாம் வந்து நிற்கும் இடம் ஒன்றே ஒன்று, சாதி. அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். அவ்வளவு நாகரிகம்.

நிரோஜனுக்கும் முந்தி விபோர்க்கில் ஒரு சம்பந்தம் முற்றாகி வந்தது. மண்டபம்வரை பேசியாயிற்று. இதே கேள்வி வந்தது. அண்ணை ஊரைச் சொன்னார். அடுத்த கிழமை, பிள்ளையின் படிப்பு முடியட்டும் என்று விபோர்க்கிலிருந்து தகவல் வந்தது. அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலையிலே இருந்தவள். நிரோஜன் அதற்குப் பிறகுதான் அமெரிக்காவுக்குப் போனான், அதற்குப் பிறகு டென்மார்க் பக்கம் வரவே இல்லை.

எனவே கேள்வி வந்து விழுந்ததும் நிலக்சி தட்டோடு அப்படியே நின்றாள். கிருஷாந்த் விறைத்துப்போய்த் தரையைப் பார்த்தான். வாய் ஓயாத தேவராசா அண்ணை வெறுங்கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சினார். அந்த மனிதர் என்ன குற்றம் செய்தார்? ஒரு ஊரில் பிறந்தார், அவ்வளவுதானே? எனக்கு வந்த கோபத்தில் அந்த அத்தையின் தலையில் தேத்தண்ணியைக் கவிழ்த்திருப்பேன், என் கால் வேறு கடமையில் இருந்தது.

அப்போது யோகமலர் அக்கா தேத்தண்ணிக் கேத்தலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இஞ்சரப்பா, அவ இடத்தைப் பற்றித்தானே கேக்கிறா. உங்கடை பொத்ரேரோவை ஒருக்காச் சொல்லுங்கோவன்."

அண்ணை நம்பாமல் மனைவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காலை எடுங்கோ."

எடுத்தேன். ஆஹா! அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? செருமல் வந்தது, தொலைபேசி வந்தது, உலகப்படம் விரிந்தது, பச்சைக்கொடிகள் அசைந்தன, மனோரஞ்சிதம் அக்கா சான்பிரான்சிஸ்கோக் குன்றில் ஏற்றப்பட்டார், இறங்க வழி கேட்டபோது கொஸ்ரா றிக்காக் கடற்கரையில் விடப்பட்டார், அங்கே கால் நனையுமுன்னர் மெக்சிக்கோப் பாறையில் கயிறு கட்டித் தூக்கப்பட்டார், வாய் திறக்க எத்தனித்த ஒவ்வொரு முறையும் ஒரு புது மலையடிவாரத்தில் இறக்கப்பட்டார். ஆனாலும் அவர் இலேசுப்பட்ட ஆளல்ல. ஆர்ஜென்ரீனாவுக்கு நடுவில் ஒரு தூண்டில் போட்டார். ஊர்ப்பக்கம் நெடுந்தீவிலும்தான் குதிரைகள் மேய்கின்றன, அண்ணை அந்தப் பக்கமோ என்றார்.

"குதிரை எண்டு சொன்னியள் பாருங்கோ," என்றார் அண்ணை, கண்கள் மின்ன. "குதிரைக்கு ஊர் இல்லை, தங்கச்சி. புல்லு எங்கை இருக்கோ அங்கை நிக்கும். அதுக்குத்தான் அவன் பொத்ரேரோ எண்டு பேர் வைச்சவன்."

தூண்டிலை விழுங்கிவிட்டு, தூண்டில்காரியையும் இழுத்துக்கொண்டு போனார். இதற்கிடையில் குணசேகரம் கதிரையை முன்னால் நகர்த்தி உட்கார்ந்தார். வைலே என்ற பெயருக்கும் ஆற்றை நடந்து கடக்கிற இடம் என்றுதான் பொருளாம், வேலையில் ஒருவர் சொன்னார் என்றார். போதாதா? அண்ணை அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. லொறியில் தான் போகும் ஊர்ப்பெயர்களையெல்லாம் குணசேகரம் ஒப்பிக்க, இரண்டு பேரும் தொலைபேசிமேல் தலையோடு தலை முட்டிக் குனிந்தார்கள். எங்கேயோ இரண்டு கண்டங்களுக்கு நடுவில் குணசேகரம் அக்காவிடம் கேளாமலே தலையைத் தூக்கி, "அப்ப கலியாணத்தை ஆவணியிலை வைப்பமே?" என்றார். வைப்பம் என்று அண்ணை சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். யோகமலர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளேயிருந்து அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. நிலக்சி ரோல்ஸ் சாப்பிடத் தொடங்கினாள்.

மனோரஞ்சிதம் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். காரில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கி, எல்லாம் சரி, ஆனால் அண்ணை எவடம் என்று சொல்லவில்லையே என்று தொடங்கினார். அண்ணை பாய்ந்தோடிப்போய் யன்னலுக்குள் தொலைபேசியை நீட்டினார். விட்டுப்போன ஒரு கொடி இருந்ததாம். கிருஷாந்த் காரை எடுத்துவிட்டான்.

"நல்ல ரசனையுள்ள மனிசி," என்றார் அண்ணை, தெருவையே பார்த்துக்கொண்டு.

கலியாணம் நடந்தது. தம்பதி ஓகூஸில் நன்றாக இருக்கிறார்கள். அது போகட்டும், உங்களிடம் வருகிறேன். இந்த ஒற்றைச்சொல்காரர்களில் எனக்குத் தெரிந்த அளவில் இரண்டு வகை உண்டு. ஒருவகை பொத்ரேரோ என்று சொல்லித் திரியும், காது வலிக்கும், அவ்வளவுதான். மற்ற வகை எவடம் என்று கேட்டுத் திரியும். முதலாம் வகையைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். இரண்டாம் வகையைக் காண்பது கடினம். நல்ல உடை உடுத்து, மரியாதையாகப் பேசி, புத்தகங்கூட வாசிக்கும்.

நீங்கள் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் நாகரிகமானவர். எனினும் ஒரு சின்ன விசாரணை. இவ்வளவு நேரம் வாசித்தீர்களே, அந்தத் தேவராசா ஊரில் உண்மையில் எவடம் என்று ஒரு தரமாவது மனத்துக்குள் கேட்டீர்களா? பெயரை வைத்தோ, நிரோஜனின் சம்பந்தம் குழம்பியதை வைத்தோ, இன்ன பக்கமாக இருக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

போட்டிருந்தால் வெட்கப்படாமல் உங்கள் வீட்டு முகவரியை எனக்கு அனுப்புங்கள். அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லை.