தாய்மாமன் இடத்தில் ஜீப்

முகாம்: கொத்தமங்கலம் அருகில்
ஞாயிறு காலை

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை சேதுபதி அவர்களுக்கு, சாக்கோட்டை சேவுகப்பெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் மனைவி கல்யாணசுந்தரியும் சுகம். அங்கே நீங்களும், என் தங்கை துர்காதேவியும், குழந்தை ரோகிணியும், அவளுடைய குத்திய இடது காதும், குத்தாத வலது காதும் சுகமாக இருக்க உங்கள் குலதெய்வம் துணை செய்யட்டும்.

காதுகுத்து நாளிலிருந்து என் போனை உங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தாள், கார் விற்ற கடையில் கொடுத்த விளம்பரத் தாள். மறுபக்கத்தில் மலை உச்சியில் ஒரு கார் நிற்கும். அதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். எனக்கும் இப்போது வேறு வேலை பார்க்க வழியில்லை என்பதால் நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. உங்களுக்கு விற்ற ஜீப்பைத் திரும்பக் கேட்க இதை எழுதவில்லை. அந்த ஜீப் எனக்கு எந்தக் காலத்திலும் வேண்டாம். அதற்குக் கதவு கிடையாது, மழை பெய்தால் உள்ளே வெளியே என்ற வித்தியாசம் கிடையாது, பட்டுச்சேலையில் கிரீஸ் ஒட்டிய ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் கல்யாணசுந்தரி என்னோடு பேச்சை நிறுத்திவிடுவாள். ஆகவே அடக்கமாக ஒரு சின்ன கார் வாங்கலாம் என்று இருவரும் மதுரைக்குப் போனோம். அங்கே சின்ன கார் என்று காட்டியது என் மாட்டுக்கொட்டகை உயரம் இருந்தது. இதுவா சின்னது என்று கேட்டால், நீளம் நாலு மீட்டருக்குள் இருந்தால் சின்னது என்றுதான் கணக்காம், அகலத்தையும் உயரத்தையும் யாரும் கேட்பதில்லையாம். சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, முன்பக்கம் முறைத்த முகம், பார்த்தால் யானையோடு மோதிவிட்டு வந்தது போல இருந்தது. "காடு மேடெல்லாம் போகுமா தம்பி" என்றேன். "போற மாதிரியே இருக்கும் சார்" என்றான் கடைக்காரன். அந்தப் பதிலை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கூரைமேல் இரண்டு கம்பி எதற்கு என்றேன். "லுக்கு சார்" என்றான். கூரையிலேயே ஒரு கண்ணாடிச் சன்னல், பொத்தானை அமுக்கினால் திறக்கிறது. அது எதற்கு என்றேன். "வானத்தைப் பாக்கலாம் சார்." விலையைச் சொன்னான். கல்யாணசுந்தரி அங்கேயே என்னைப் பார்த்து, "இதுக்கு மானகிரியில மனை வாங்கிப் போட்டுட்டு அங்கன நின்டே வானத்தைப் பாக்கலாமே" என்றாள். கடைக்காரன் முன்னால் பொம்பளைப் பேச்சைக் கேட்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இனி காதுகுத்து. தாய்மாமன் என்றால் சீர்த்தட்டும் கிடாயும் கொண்டுவந்து குழந்தையை மடியில் வைக்க வேண்டும், இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜீப் இருந்த காலத்தில் கிடாய் அது பாட்டுக்குப் பின்னால் ஏறி நிற்கும். புதுக் காரின் சீட்டோ பால் வெள்ளை. "இதுல ஆட்டை ஏத்துனா நான் எறங்கிக்கிருவேன்" என்று கல்யாணசுந்தரி சொன்னதால் கிடாயை எங்கள் பண்ணையாள் மாயக்கண்ணன் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். நாங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கிளம்பினோம். உங்கள் கோயிலுக்குக் கண்மாய்க்கரை மேல்தான் பாதை, முதல்நாள் மழை. பாதி வழியில் சக்கரம் கொஞ்சம் வழுக்கியது. வழுக்கினால் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம், பாதுகாப்புக்காக. நான் மிதிக்க மிதிக்க அது குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மிகவும் பாதுகாப்பாக நின்றுவிட்டது. கோயில் கண்ணுக்குத் தெரிகிறது, மேளச்சத்தம் கேட்கிறது. இறங்கி ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கதவைத் திறந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முழங்கால் சேறு, கையில் சீர்த்தட்டு, உடுத்தியிருந்தது பட்டு வேட்டி.

அங்கே நடந்ததை மாயக்கண்ணன்தான் பிறகு சொன்னான். கிடாய் வந்துவிட்டது, தாய்மாமன் வரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று எல்லோரும் கையைப் பிசைய, பூசாரி காசி நீங்கள் ஓட்டிவந்த ஜீப்பைப் பார்த்து, "வண்டி இன்னும் யாரு பேருல இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பேர் மாற்ற நமக்கு நேரம் கிடைக்காததால் என் பேரில்தான் இருந்தது. "அப்ப தாய்மாமன் வந்த மாதிரித்தேன். புள்ளைய அந்த சீட்டுல உக்கார வைங்க" என்றாராம். வைத்தீர்கள். இடது காதும் குத்தியாயிற்று. அதற்குள் ரோகிணி கத்திக்கொண்டு குதித்து ஓடிவிட்டதால் வலது காது மிஞ்சியது. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வைத்திருந்த மாலையையும் துண்டையும் ஜீப்புக்கே கட்டிவிட்டீர்கள்.

மாலையை மட்டும் நானே கண்ணால் பார்த்தேன், என்னைச் சேற்றிலிருந்து இழுத்துவிட வந்ததே அந்த ஜீப்தான். கண்ணாடியில் என் மாலை தொங்கியது. "என்ன மச்சான், காடு மேடெல்லாம் போகும்னீக, கம்மாக்கரையில நிக்கிறீக" என்று நீங்கள் கேட்டீர்கள். நான் குனிந்து கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டேன். துர்காதேவி என் பக்கம் திரும்பவே இல்லை. தகரம் என்று நான் தள்ளிவிட்ட வண்டி என் இடத்தில் உட்கார்ந்ததைக் கூடத் தாங்கிக்கொண்டேன், மாப்பிள்ளை. அவள் திரும்பாததைத் தாங்க முடியவில்லை. அவள் காது குத்தும்போது எங்கள் மாமா வர நேரமாகி, பந்தல் முழுக்கக் காத்திருந்தது.

வலது காதை இன்று வீட்டிலேயே குத்துவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பு வரவில்லை. ஜீப்பைக் கழுவி வாசலில் நிறுத்தியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அது முறையல்ல. வலது காது என் மடியில்தான் குத்தப்பட வேண்டும். நான் ஜீப்பின் உதவி இல்லாமல், என் சொந்தக் காரில், நல்ல நேரத்துக்கு, தாய்மாமனுக்குரிய மரியாதையோடு உங்கள் வாசலில் வந்து இறங்குவேன். இந்தக் காரைப் பற்றி ஊரில் பேசுவதெல்லாம் வயிற்றெரிச்சல் என்பதை அப்போது எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். ஆடு மாடு, வயல் வரப்பு எல்லாம் பெருகி உங்கள் குடி தழைக்கட்டும்.

இப்படிக்கு,
ரோகிணியின் ஒரே தாய்மாமன்
சேவுகப்பெருமாள்

பி.கு.: ஜீப் உதவி வேண்டாம் என்று மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நான் இருப்பது உங்கள் வீட்டுப் பின்பக்க முடுக்குச் சந்தில். ஜீப்பில் எத்தனையோ தடவை வந்த வழிதானே என்று திருப்பினேன். இரண்டு பக்கமும் பெரிய வீட்டுச் சுவர், ஒரு கதவும் திறக்கவில்லை. முன்னால் நகர்த்தினால் கார் கத்துகிறது, பின்னால் நகர்த்தினாலும் கத்துகிறது. கூரைச் சன்னல் வழியாக ஏறிப் பார்த்தேன், நெஞ்சு வரைக்கும்தான் வர முடிந்தது, கல்யாணசுந்தரி காலைப் பிடித்து இறக்கினாள். பால் ஊற்ற வந்த கருப்பியிடம் அந்தச் சன்னல் வழியாகவே இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாயால் சொல்லி அனுப்பினால் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் வருவாள். ரோகிணி அழும் சத்தம் இங்கே கேட்கிறது. காது குத்தும் ஆசாரி வந்துவிட்டார் போலிருக்கிறது. தயவுசெய்து ஜீப்பில் உட்கார வைத்துவிடாதீர்கள். பிள்ளையைக் கூரைச் சன்னல் வழியாக இறக்குங்கள், மடியில் வாங்கிக்கொள்கிறேன். ஆசாரி மேலே ஏறிக் கையை உள்ளே விட்டால் எட்டும். பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி இருக்கிறது, அவை எதற்கென்று இப்போதுதான் தெரிகிறது. துர்காதேவியும் பக்கத்தில் வந்து நின்றால் நல்லது. காது குத்தி முடிந்த பிறகு ஜீப்பையும் கயிற்றையும் கொண்டுவந்தால் போதும். அதற்கு மாலை போட்டிருந்தால் கழற்றிவிட்டுக் கொண்டுவரவும்.