இரண்டு ஸ்பூன் உப்பு

வாழ்க்கையில் எதிலுமே ஜெயித்துப் பழகாத ஜெபசீலன், அந்தச் சனிக்கிழமை தோற்றே தீருவது என்று முடிவு செய்தான். தோற்பதற்கு ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டதைப் பெருங்களத்தூர் அதற்கு முன் பார்த்ததில்லை.

வினை வழக்கம்போல அவன் வாயில்தான் ஆரம்பித்தது. கிண்டியில் ரயில் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் போனில் நான்கு சமையல் வீடியோ பார்த்துவிடுவான். வெங்காயம் உரிக்கத் தெரியாது. உரிப்பவர்களிடம் குறை கண்டுபிடிக்க நன்றாகத் தெரியும். மனைவி எப்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பு முன்னால் நிற்பாள். இவன் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு வகுப்பெடுப்பான்.

"ஒரே குக்கர். முப்பதே நிமிஷம். மட்டன் பெப்பர் ரெடி. ரொம்ப ஈஸி, எப்சி! ஒரு டின்னருக்குப் போயி மலையைப் புரட்டற மாதிரி மூச்சு வாங்கறியே!"

எதுகை மோனையோடு பேசிவிட்ட பெருமையில் அவனே சிரித்துக்கொள்வான். பதினாறு வருஷமாக இந்த 'ஈஸி எப்சி'யைக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது. போன வாரம் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவ்ளோ ஈஸியாங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு செய்யலாம்."

"நல்லதாப் போச்சு. கவர்மென்ட் டீச்சர் எக்ஸாமுக்கு கோச்சிங் சேரப் போறேன். வெஸ்ட் தாம்பரத்துல. திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் ஆறுலேர்ந்து ஒம்பது. அந்த மூணு நாளும் டின்னர் நீங்க பாத்துக்கங்க."

சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

பதினோரு வருஷமாகத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே நிற்கிறவள் எப்சி. பிள்ளைகள் தேறிப் போய்க்கொண்டே இருந்தார்கள், டீச்சர்தான் தேறவில்லை. வீட்டு வேலைக்கு நடுவே படித்து இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஐந்தாறு மார்க்கில் கோட்டை விட்டிருந்தாள். ஜெபசீலனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் எட்டு மணிக்குத் தனக்குப் பசிக்குமே என்ற மாபெரும் பிரச்சினைக்கு முன்னால் அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

"இல்லம்மா... நான் செஞ்சா நீங்கள்லாம் சாப்பிடணுமே?"

"சனிக்கிழமை செஞ்சு காட்டுங்க. நல்லாருந்தா நான் கிளாஸுக்குப் போறேன். வாயில வைக்க முடியலைன்னா, கிளாஸ் பேச்சையே எடுக்கல."

"டன்!" என்று கையை நீட்டினான் ஜெபசீலன். கொஞ்சம் அவசரமாகவே நீட்டிவிட்டான். அந்த அவசரத்தை எப்சி ஒரு நொடி பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

எதிர் ஃப்ளாட் சம்பத்திடம் லிஃப்டிலேயே ஆலோசனை நடந்தது.

"ஒரே ஒரு தடவை கெடுத்துருங்க சார். ஆயுசுக்கும் கூப்பிட மாட்டாங்க. கல்யாணமான புதுசுல நான் காபி போட்டேன். டிகாஷன்ல பெருங்காயம். அதோட சரி. எங்க வீட்டு கிச்சன் லைட்டுக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"மேதை சார் நீங்க."

"ஆனா பாத்து. வேணும்னே செஞ்ச மாதிரி தெரியக் கூடாது."

"நீங்களே ஜட்ஜா வந்துடுங்க சார்."

சம்பத் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. அதனால் மட்டன் என்றதும் நியாயம் வழங்க உடனே சம்மதித்தார்.

சனிக்கிழமை மாலை, காய்கறி வாங்குகிற சாக்கில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் நான்கு பரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு வந்தான் ஜெபசீலன். இரவு சாப்பிடும்படி ஒன்றும் இருக்கப்போவதில்லையே! முன்யோசனைக்காரன்.

எப்சி ஒரு பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள்.

"ஒரு கிலோ. தயிர், இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்பு எல்லாம் போட்டுக் காலையிலயே பிசறி வெச்சுட்டேன். வெங்காயம் நறுக்கி இருக்கு. வதக்கி, மிளகுத்தூளைப் போட்டு மூட வேண்டியதுதான்."

"உப்பு போட்டாச்சா?"

"ரெண்டு ஸ்பூன். ஞாபகமில்லாம இன்னொரு ரெண்டு போட்டுடாதீங்க. நாய்கூட வாய் வைக்காது."

"சேச்சே. எத்தனை விசில்?"

"ஆறு. ரெண்டு மூணுல எறக்கினா செருப்பு மாதிரி இருக்கும்."

இவ்வளவு சொல்லிவிட்டு அவள் ஹாலுக்குப் போய்விட்டாள். ஜெபசீலனுக்கு மனைவி மேல் பாசமே பொங்கியது. தன்னைத் தோற்கடிக்கும் வழியை இப்படி அளவோடு எழுதிக் கொடுக்கும் அப்பாவியும் உண்டா!

சரியாக இரண்டு ஸ்பூன் உப்பு போட்டான். மூன்று போட்டால் சந்தேகம் வரும். அவன் கலைஞன். இரண்டாவது விசிலில் அடுப்பை அணைத்தான்.

"டாடி, ரெண்டு விசில்தானே வந்துச்சு?" என்றாள் ஹாலிலிருந்து மகள் ஜாஸ்மின்.

"காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டிருந்தா மத்த நாலு எப்படிம்மா கேக்கும்?"

எட்டு மணிக்குத் தோல்விக்கேற்ற சோக முகத்தோடு பரிமாறினான். சம்பத் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"பரவால்ல சார், உண்மையைச் சொல்லுங்க," என்று ஊக்கினான் ஜெபசீலன்.

"வெண்ணெய் சார்! எலும்பு தானா கழண்டு வருது!"

மேஜைக்குக் கீழே சம்பத்தைக் குறிவைத்து ஓங்கி ஓர் உதை விட்டான்.

"அம்மா, டாடி என்னை உதைக்கிறாரு!" என்றாள் ஜாஸ்மின்.

சம்பத் மூன்றாம் முறை தட்டை நீட்டினார். ஜெபசீலன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். உப்பு அளவு. காரம் அளவு. மிளகு மணக்க, அவன் ஆயுளில் தின்ற மட்டனிலேயே சிறந்த மட்டன். இரண்டாவது துண்டு இறங்கவில்லை. நான்கு பரோட்டாக்கள் தொண்டை வரை நின்று வழிமறித்தன.

எப்சி கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த கோச்சிங் விண்ணப்பத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். சம்பத் ஏப்பத்தோடு தீர்ப்பு வழங்கினார்: "திங்கக்கிழமை என்ன மெனு சார்?"

எல்லோரும் எழுந்து போன பிறகு, சமைத்தவரே கழுவ வேண்டும் என்று புதிதாகப் பிறந்த சட்டப்படி ஜெபசீலன் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியவில்லை.

"எப்சி... ரெண்டு விசில்ல எப்படி வெந்துச்சு?"

"பப்பாளிக்காய அரைச்சுப் போட்டிருந்தேன். கல்லே வெந்திருக்கும்."

"உப்பு?"

"நான் போடவே இல்லியே."

"போட்டாச்சுன்னு சொன்னியே!"

"போடலைன்னு சொல்லியிருந்தா நீங்க போடுவீங்களான்னு சந்தேகம். போட்டாச்சுன்னு சொன்னா கண்டிப்பா போடுவீங்க," என்று விளக்கை அணைத்தாள் எப்சி. "ரொம்ப ஈஸிங்க."