இருவாச்சி பார்க்கப் போன காசிராஜன்

"பெர்மிட் இல்லாம உள்ள விட முடியாதுண்ணே" என்று சோதனைச்சாவடிக் காவலர் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

"நான் யாருன்னு தெரியுமாய்யா? இதே மலையில பதினாலு ஏக்கர் ஏலத்தோட்டம் வச்சிருக்கேன்!" என்றார் காசிராஜன்.

"அப்ப அங்க போயி இருவாச்சியப் பாருங்க."

வேறொரு நாளாக இருந்தால் காவலரின் சட்டையைப் பிடித்திருப்பார். இன்றைக்குப் பக்கத்தில் மகள் வித்யா நின்றாள். சித்திரையில் தோட்டத்துப் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, வாசல் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலேயே மதுரைக்கு ரயிலேறியவள். இரண்டு மாதமாகப் பேச்சே இல்லை. என்ன கோபம் என்று அவரும் கேட்கவில்லை. பெத்த பிள்ளையிடம் போய்க் காரணம் கேட்டு நிற்பதா?

முந்தாநாள் அவளே போன் செய்தாள். "சரணாலயத்துல இருவாச்சிப் பறவை பாக்கப் போறேன். நீங்களும் வாங்கப்பா." அந்த ஒரு 'அப்பா'வில் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று காலை வந்தவள் முதல் வேலையாக அந்தக் கதவைத்தான் படம் எடுத்தாள்.

"தேக்கெல்லாம் பிச்சை வாங்கணும் தாயி! ஒரே அயினி மரம், ஒட்டு கிடையாது!" என்று மீசையை முறுக்கினார்.

திரும்பப் போடிக்கு இறங்கி, பெர்மிட்டோடு ஏறி வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. "வெள்ளைச் சட்டையப் பாத்தா எந்தப் பறவையும் கிட்ட வராது" என்றார் காவலர். காசிராஜன் ஜீப்பில் கிடந்த நீலப் படுதாவை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அது அடிக்கு அடி சலசலத்தது. சத்தம் கேட்டுக் குரங்குகள்தான் வந்தன. படுதாவைக் கழற்றி அதுகளை விரட்டினார். வெறுங்காலில் அட்டை ஏறியது. அட்டைக்கு மூக்குப்பொடி தூவினார், பதினோரு தும்மல். காட்டில் ஏதாவது பறவை மிச்சமிருந்திருந்தால், அதுவும் அந்நேரம் கேரளாவுக்குப் போயிருக்கும்.

ஒவ்வொரு கூத்தையும் வித்யா படம் எடுத்தாள்.

"பறவையை விட்டுட்டு என்னை எதுக்குத்தா எடுக்குறே?"

"தேவைப்படும்ப்பா."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அந்தப் பறவையில என்னத்தா அப்படி விசேஷம்?"

"பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கிரும். ஒரு கீறல் மட்டும் இருக்கும். ஆம்பளைப் பறவை அத்திப்பழம் கொண்டாந்து அது வழியா ஊட்டும். மூணு மாசம், நாலு மாசம்."

"அடேயப்பா, குடும்பஸ்தன்!" காசிராஜன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "நானும் அப்படித்தான் தாயி. அந்த வீடு, அந்தக் கதவு, எல்லாம் யாருக்கு? ஒனக்குத்தானே?"

வித்யா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

ஏற்றம் முடிந்த இடத்தில் காட்டு வாட்சர் சோலைமலை குத்தவைத்திருந்தார். காசிராஜன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அடச்சே! இது நம்ம தோட்டத்து மேல் எல்லைல்ல? இங்க வர்றதுக்கா நாலு மணி நேரம் சுத்துனோம்? வீட்டுக்குப் பின்னாடி வழியா வந்தா அரை மணிதான்! இந்தா பாரு தாயி, நம்ம கதவு நின்ன எடம்!"

வெட்டிய மரத்தின் அகலமான அடிக்கட்டையைத் தட்டிக் காட்டிவிட்டு, அதன் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார். அடியில் ஏதோ நசுங்கியது. வேட்டியெல்லாம் பிசுபிசுவென்று சிவப்பு.

"என்ன கருமம்யா இது? அந்த இருவாச்சி எங்கதான் இருக்கு?"

சோலைமலை எழுந்திருக்கவில்லை.

"அத்திப்பழம் முதலாளி. மாசியில நீங்க மரத்தைச் சாய்ச்சப்ப பொந்துக்குள்ளயே செத்துப்போன பொட்டைக்கு, ஆம்பளைப் பறவை இன்னும் தெனமும் கொண்டாந்து வச்சிட்டுப் போகுது. வித்யா பாப்பா, கேசுக்குக் கதவைக் காலையிலயே படம் எடுத்துட்டேல்ல? ஆளு இப்பச் சரியா ஒக்காந்திருக்காரு, வெரசா எடுத்துக்க."