எல்லாச் செலவுக்கும் ஒரு தலைப்பு

விட்டேனா பார்! இந்த மாதத்திலிருந்து தலைப்பு இல்லாமல் என் வீட்டில் ஒரு காசு வெளியே போகாது என்று சபதம் செய்தேன். ஆபீஸில் கம்பெனிச் செலவையெல்லாம் இனம் பிரித்து, முதலாளியே 'பலே' என்று சொல்லும்படி அறிக்கை போடுகிறவன் நான். என் வீட்டிலோ போனைத் தட்டினால் பணம் பறக்கிறது, எதற்கென்று யாருக்கும் தெரியாது. அடுக்குமா?

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு ஒரு சாய்வு நாற்காலி வேண்டும். பொத்தானை அமுக்கினால் காலைத் தூக்கிவிட்டு முதுகைப் பிடித்துவிடுமே, அது! கடையில் ஒருமுறை உட்கார்ந்தேன், சேல்ஸ்மேன்தான் எழுப்பிவிட்டார். மனைவியிடம் கேட்டால் "பணமேது?" என்கிறாள். அவள் துணிமணிச் செலவைப் படம் போட்டுக் காட்டினால் வாயடைத்துப் போவாள் அல்லவா?

"இங்க பாரு, பணம் அனுப்பறப்பல்லாம் எதுக்குன்னு ஒரு தலைப்புல பதியணும். மாசக் கடைசியில எந்தத் தலைப்பு பெருசோ, அந்தச் செலவை அப்படியே நிறுத்திடணும்!"

"அட, நல்ல யோசனைங்க! தலைப்பை நானே வைக்கட்டுமா?"

"தாராளமா!"

அங்கேதான் கோட்டை விட்டேன்.

மாதக் கடைசி. கை பரபரக்க லேப்டாப்பைத் திறந்து வட்டப் படத்தை வரவழைத்தேன். மளிகைக்கு ஒரு கீற்று. துணிமணி கண்ணுக்கே தெரியவில்லை. பாக்கி வட்டம் முழுக்க ஒரே சிவப்பு. மேலே எழுதியிருந்தது: 'அவரே சரிபண்ணது.'

"என்னடி இது? நானே ரிப்பேர் பண்ணா காசு மிச்சம்தானே?"

"குழாய் சொட்டுச்சு, நீங்க சரிபண்ணீங்க. அப்புறம் பிளம்பர் வந்தாரு."

"பிளம்பருக்கு எவ்வளவு ஆயிடப் போகுது?"

"கீழ்வீட்டு சீலிங்கு நனைஞ்சு பெயிண்டர் வந்தாரே! ஃபேனை நீங்க கழட்டினதுக்கு எலக்ட்ரீஷியன். உங்க கட்டைவிரலுக்கு டாக்டர்."

"டாக்டர் வைத்தியச் செலவுலல்ல வரணும்!"

"ஃபேனைத் தொடாம இருந்தா வைத்தியம் ஏதுங்க? காரணம் பார்த்துத்தான் பிரிக்கணும்னு நீங்கதானே ஆபீஸ் போன்ல கத்துவீங்க?"

கத்துவேன்தான். என் வாய் இருக்கிறதே!

நான் போட்ட சட்டப்படியே அந்தத் தலைப்பில் செலவு நிறுத்தப்பட்டது. என் டூல் பாக்ஸைப் பிளம்பருக்கே கொடுத்துவிட்டாள். மனுஷன் கலங்கிப் போய்விட்டார். "அப்போ சார் இனிமே எதையுமே சரிபண்ண மாட்டாரா?"

நாற்காலி ஆசையில் மண் விழுந்தது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் வாசலில் வண்டி. உள்ளே நாற்காலி! அதே நாற்காலி! அவளே வாங்கியிருக்கிறாள்! குழந்தை மாதிரி குதித்தேன். குதித்து முடித்ததும் கணக்குப் புத்தி விடுமா? எந்தத் தலைப்பில் பதிந்திருக்கிறாள் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். 'சேமிப்பு' என்றிருந்தது.

"நாற்காலி எப்படிம்மா சேமிப்பாகும்?"

"நீங்க அதுலயே உட்கார்ந்திருந்தா, வீட்டுல வேற எதையும் தொட மாட்டீங்கல்ல?"