நீற்றுப்பூசணிக்கு முதல் பரிசு

உ

லா ஷப்பல், பாரிஸ்
08.11.2024

பாசமுள்ள மிருணாளினி அக்காவுக்கு,

தம்பி குணரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சாரதாதேவியும் எனது முழங்கால் வலியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். டொரன்ரோவில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் குளிருக்கு அடங்கி ஒடுங்கிச் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். லக்ஷனாவின் சுகத்தை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அவள் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். சோறு போடவா என்று நான் கேட்டால் தாயைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு தகப்பனைக் கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்த்தால் மனுசனுக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும்? நீங்கள் சொன்னால் கேட்பாள், மாமி என்றால் அவளுக்கு உயிர். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் மற்ற அறையில் இருப்பவர் நூறு வயசு என்று சொல்லுவார், அங்கே என்ன இரகசியம் கதைப்பது?

முன்பு ஒருமுறை உங்கள் பிள்ளைகளுக்குப் பேய் உடுப்பு மாட்டி, வீடு வீடாக அனுப்பி, அதைப் படமெடுத்துப் போட்டிருந்தீர்கள். அப்போது நான் எழுதிய கடிதம் நினைவிருக்கும். தமிழ்ப் பிள்ளை மிட்டாய்க்கு வாசல் வாசலாகக் கை நீட்டுவதா என்று கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். அதை அத்தான் எங்காவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால் தயவுசெய்து அடுப்பில் போடச் சொல்லவும். நான் இப்போது இங்குள்ள பண்பாட்டுக் கழகத்தின் செயலாளர். வரும் பொதுக்கூட்டத்தில் வாசிப்பதற்கு ‘அந்நியப் பூசணிகளும் அழியும் பிள்ளைகளும்’ என்று ஒரு தீர்மானம் எழுதி, அதைச் சமையலறையில் நின்று உரத்து வாசித்தும் பழகிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் கட்டடத்துக் குடியிருப்பாளர் குழுவின் தலைவர் ஒலிவியே, பூசணி விளக்குப் போட்டி என்று கீழே ஒரு தாளை ஒட்டிவிட்டார். லக்ஷனா வந்து, “அப்பா, எனக்கும் ஒரு பூசணிக்காய் வாங்கித் தாங்கோ, நானும் வெட்டப்போறன்” என்றாள்.

நான் விடுவேனா? இருத்திவைத்து முழுத் தீர்மானத்தையும் வாசித்தேன். எங்கள் காலத்தில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் தெரியுமா, பொழுதுபட்டால் கால் கழுவி, விளக்கேற்றி, தேவாரம் பாடி... அவள் இடையிலே, “அப்ப நீங்கள் சின்னனிலை ஒருநாளும் வேசம் போடேல்லையோ?” என்று கேட்டாள். ஒருநாளும் இல்லை என்றேன். அக்கா, பள்ளிக்கூடத்து வாணி விழாவில் எனக்குக் கரி பூசி யமனாக மேடையேற்றிய படம் உங்களிடம் இருக்கிறது. அது எந்தக் காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது. “வீடு வீடாப் போறேல்லையோ?” என்றாள். “தீபாவளிக்குப் போவம். அது சொந்தக்காரர் வீடு, அவையளாத் தாறது, நாங்கள் கேக்கிறேல்லை.” ஆசையம்மா பலகாரப் பெட்டியைத் திறக்கும்வரை நாமிருவரும் வாசலை விட்டு அசையாமல் நின்றதை அவளுக்கு நீங்களும் சொல்ல வேண்டாம். கடைசியாக, “பூசணிக்காயை என்ன செய்தனீங்கள்?” என்றாள். “கறி வைச்சனாங்கள்” என்றேன். எழுந்து போய்விட்டாள். சாரதாவிடம், பார்த்தாயா, எடுத்துச் சொன்னால் பிள்ளைக்கு விளங்கும் என்று பெருமைப்பட்டேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். இந்த வருடம் தீபாவளியும் அவர்களுடைய ஹலோவீனும் ஒரே நாளில் வந்து விழுந்தன. விடிய எண்ணெய் வைத்து முழுகி, புது வேட்டி கட்டி, குப்பை போடக் கீழே இறங்குகிறேன், வாசலில் ஒரு எலும்புக்கூடு தொங்குகிறது. தபால்பெட்டிகள் எல்லாம் பஞ்சால் செய்த சிலந்திவலை. நல்ல நாளும் அதுவுமாக லட்சுமி வரவேண்டிய வாசல் அது. இந்தக் கோலத்தைக் கண்டால் அவள் திரும்பி நேரே பாரிஸுக்கு வெளியே பொண்டியில் இருக்கும் சாரதாவின் தமையன் வீட்டுக்குத்தான் போவாள். அவர்களுக்கு ஏற்கெனவே தோட்டத்தோடு சொந்த வீடு இருக்கிறது, இன்னும் என்ன வேண்டிக்கிடக்கிறது? எனவே பின்னேரத்துக்குள் வாசலுக்குக் கண்ணூறு கழித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்து, கடைக்குப் போய் நல்ல பருத்த நீற்றுப்பூசணிக்காய் ஒன்று வாங்கிவந்தேன். ஊரில் என்றால் வெட்டிக் குங்குமம் அடைத்து வாசலில் போட்டு உடைப்போம், இங்கே தெருவில் உடைத்தால் பொலிஸ்காரன் தண்டம் எழுதுவான். “உடையாதேங்கோ. வயல் வெருளிமாதிரி ஒரு முகத்தைப் போட்டு வாசலிலை வையுங்கோ, அதுவே காணும்” என்றாள் சாரதா.

கரியால் கீறிப் பார்த்தேன். அந்தக் காயின் மேலே திருநீறு பூசினதுபோல ஒரு வெள்ளை மா இருக்கிறதல்லவா, அதில் கரி பிடிக்கவில்லை. அதனால்தான் கத்தியை எடுத்தேன். கழகத்தில் யாராவது உங்களிடம் விசாரித்தால் இந்த இடத்தை அழுத்திச் சொல்லவும்: கரி பிடிக்காததால்தான் கத்தி. கண் இரண்டு வெட்டினேன். கண் வெட்டினால் மூக்கை விடலாமா? மூக்கு வந்தால் வாய் வேண்டாமா? லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையில் இவ்வளவு காலம் காய் வெட்டிய கை, பல்லுக்கு வந்தபோது தன்பாட்டில் போகத் தொடங்கிவிட்டது. கடைவாய்ப் பல் இரண்டையும் கொஞ்சம் நீட்டி விட்டேன், அதையும் மறைக்கவில்லை. உள்ளே குடைந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆராத்தித் தண்ணீரை ஊற்றி, அதற்குமேல் மிதக்க ஒரு சின்னத் தட்டில் கற்பூரத்தை வைத்து, தூக்கிக்கொண்டு கீழே போனேன். வாய் வெட்டின பாத்திரத்தில் தண்ணீர் நிற்காது என்பது சமையல்காரனான எனக்கு அந்த நேரம் ஏன் தோன்றவில்லையோ தெரியாது.

கதவடியில் வைத்தால் காற்றுக்குக் கற்பூரம் நூர்ந்து அணைந்துபோகிறது. உள்ளே ஒரு மேசையில் போட்டிக்கு வந்த செம்மஞ்சள் பூசணிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் வைத்தால் அவற்றின் பீடையும் சேர்ந்து போகும் என்று வைத்து, கொளுத்திவிட்டு, சாம்பிராணி எடுக்க மேலே ஏறினேன். திரும்பி வரும்போது மேசையைச் சுற்றி ஒரே சனம். நடுவில் என் பூசணிக்காய் கண்ணால் புகையும் வாயால் சிவப்பும் விட்டுக்கொண்டு இருக்கிறது. இரண்டு சின்னப் பிள்ளைகள் தாயின் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு அழுகிறார்கள். மூன்றாம் மாடி அந்தோணியம்மாள், பாண்டிச்சேரிக்காரி, தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர், கல்லறைத் திருநாளுக்கு வாங்கின சாமந்தித் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி நெஞ்சில் சிலுவை போடுகிறார். “என்னா மிஸ்யே இது, நீங்களும் எங்கூட சேந்துதான் இந்தப் பேய்க் கூத்து வேணாம்னீங்க? இப்ப நீங்களே பேயைக் கொண்டாந்து குந்த வச்சிருக்கீங்களே!” என்றார். இது யாருடையது என்று ஒலிவியே கேட்டபோது, முறைப்பாடு செய்யும் நோக்கத்தோடு என் பெயரையும் மாடியையும் கதவையும் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். ஒலிவியே அதை அப்படியே எழுதிக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் பரிசு எனக்காம்.

இது அலங்காரம் இல்லை ஐயா, கடவுள் விஷயம், கெட்டதை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்ப வைத்தது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆதியில் இந்த விளக்கும் அதற்குத்தானே வைத்தார்கள், எல்லோரும் கடைச் சாமானாக்கிவிட்ட இந்தப் பண்டிகையின் உண்மையான அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் இந்தக் கட்டடத்தில் மிஸ்யு குணரத்தினம்தான் என்று சனத்துக்குச் சொல்லி, ஒரு கூம்புத் தொப்பியை எடுத்து என் தலையில் கவிழ்த்து, வேட்டியும் திருநீறுமாகப் படம் எடுத்துவிட்டார். எங்கள் பண்பாட்டுக் கழகம் இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு துண்டுகூடப் போர்த்தினதில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டாம் பரிசு யாருக்கு என்று வாசித்தார்கள். லக்ஷனா. பக்கத்துக் கதவுச் சிநேகிதி ஆனைஸ் வீட்டில் வைத்து எனக்குத் தெரியாமல் வெட்டியிருக்கிறாள். அக்கா, அவள் பேயை வெட்டவில்லை. ஒரு குத்துவிளக்கை வெட்டியிருந்தாள், ஐந்து திரியும் மேலே மயிலும், கீழே தமிழில் தீபாவளி என்று எழுத்தெழுத்தாகக் குடைந்து. உள்ளே மெழுகுதிரி எரிய அது சுவரில் விழுந்து நின்றது. இப்படி வெட்டினால் அப்பா ஏசமாட்டார் என்று நினைத்தாளாம், பிறகு ஆனைஸின் தாய் சொன்னார். வடிவாக இருக்கிறது, ஆனால் பயம் வரவில்லை என்று தீர்ப்பு. நான் ஓடிப்போய் முதல் பரிசைப் பிள்ளைக்குக் கொடுங்கோ என்று தொப்பியைக் கழற்றி நீட்டினேன். லக்ஷனா அதைப் பார்க்கவில்லை. எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள் அன்றைக்கு நல்ல தமிழில் சொன்னாள்: “அப்பா, நீங்கள் அளாப்பிட்டியள்.” சின்னனில் நான் விளையாட்டில் கள்ள ஆட்டம் ஆடினால் நீங்கள் சொல்லும் அதே சொல். அதுதான் அவள் என்னோடு கதைத்த கடைசிச் சொல். குத்துவிளக்கு வெட்டின பிள்ளையைக் கடைவாய்ப் பல்லு வெட்டி வென்ற தகப்பன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

படம் கட்டடத்து வாட்ஸ்அப்பிலிருந்து தாவித் தாவிக் கழகத்துக்கும் போய்விட்டது. தலைவர் சேந்தன் போன் எடுத்து, “அண்ணை, தொப்பி உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்குது. கூட்டத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வாங்கோ” என்று சொல்லி வைத்துவிட்டான். அது போகட்டும். நீங்கள் ஒருக்கால் லக்ஷனாவோடு கதைத்து, அப்பா போட்டிக்கு வைக்கவில்லை, கண்ணூறு கழிக்கத்தான் வைத்தார் என்று விளங்கப்படுத்தவும். ஹலோவீன் கூடாது என்பதையும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவும். யமன் படத்தைக் கிழித்துவிடவும். நான் இனிச் சீவியத்தில் பூசணிக்காயில் கத்தி வைக்கமாட்டேன், இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வாசலுக்கு எந்தக் கண்ணும் படாமல் அந்த முருகன் பார்த்துக்கொள்வான்.

அன்புத் தம்பி,
குணரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்ட இருந்தபோது லக்ஷனா வந்து மேசையடியில் நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, “அந்தச் சிவப்பு எப்பிடி வந்தது?” என்று கேட்டாள். நான் மஞ்சளைக் கரைத்து, அவள் கையிலேயே சுண்ணாம்பைக் கொடுத்துப் போடச் சொன்னேன். சிவந்துகொண்டு வந்ததைப் பார்த்தவள், “இன்னொருக்கா” என்றாள். வீட்டில் இருந்த மஞ்சள் முழுதும் முடிந்துவிட்டது, சாரதா ஏசுகிறாள். ஆகவே நீங்கள் போன் எடுக்க வேண்டாம். வருகிற வருடம் இருவரும் சேர்ந்து ஒரு பூசணி வெட்டுகிறோம், குத்துவிளக்கு அவள், இரத்தம் நான். பூசணி வெட்டும் பல்லுவைத்த சின்ன வாள் அங்கே நல்லதாகக் கிடைக்குமாம், ஒன்று அனுப்பவும், கழகத்தில் கேட்டால் பலாப்பழம் வெட்ட என்று சொல்கிறேன். யமன் படத்தைக் கிழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், பூசணியில் குத்துவிளக்குக்கு மறுபக்கத்தில் அந்த முகத்தை வெட்டலாம் என்று அவளிடம் சொன்னேன். லக்ஷனா படமெல்லாம் தேவையில்லை என்கிறாள். நான் தீர்மானம் வாசிக்கும்போது இருக்கிற முகமே போதுமாம், அதைப் பார்த்தே வெட்டுவாளாம்.