கவ்வாத்து மலையில காய வச்ச பொம்மை

போன மாசம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பொம்மைக்குப் பெயின்ட் அடிச்சு, காய வச்சு, திங்கக்கிழமை எங்க ஆபீசு மேலதிகாரி சேரோட மேசையில கொண்டுபோய் வைக்கணும்.

இதுல என்ன கெட்டுப்போகும்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

முதல்ல என் நிலைமையைச் சொல்லிடுறேன். நான் மொனராகலையில ஒரு ஆபீசுல கிளார்க். வீடு, பொண்டாட்டி, புள்ள எல்லாம் நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல. வெள்ளிக்கிழமை சாயந்தரம் பஸ் ஏறி வந்து, ஞாயித்துக்கிழமை திரும்பவும் பஸ் ஏறுற பொழப்பு. என் சின்ன மக என்னைப் பார்த்ததும் கேக்குற முதல் கேள்வியே "அப்பா, எப்ப போவீங்க?" அதுதான். புள்ள வேணும்னே கேக்கல, பழக்கம்.

அதனால வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பதுளைக்கு டிரான்ஸ்பர் கேட்டு எழுதிக் குடுத்திருந்தேன். அது சேரோட மேசைக் கண்ணாடிக்கு அடியில நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அவர் கையெழுத்துப் போட்டா நான் மனுசன். போடலைன்னா மொனராகலை வெயில்ல மோர்மிளகா.

இந்த நேரத்துலதான் சேருக்கு வெளிநாட்டுல இருந்து அவரோட தங்கச்சி ஒரு பெட்டி அனுப்பி வச்சாங்க. உள்ளுக்குப் பூரா பிளாஸ்டிக் துண்டு. எல்லாத்தையும் வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிச்சா, இடிஞ்ச கோட்டைச் சுவர் மேல ஒரு பச்சை அரக்கன், கையில வளைஞ்ச வாள், காலுக்குக் கீழ சிறகு விரிச்ச டிராகன். பெட்டி மேல இருந்த படத்தைப் பார்த்தா அசந்து போவீங்க.

"ஆசையா இருக்கு. ஆனா எனக்குக் கை நடுங்குமே"ன்னு சேர் வருத்தப்பட்டாரு.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "குடுங்க சேர், நமக்கு இதெல்லாம் கைவந்த கலை"ன்னு சொல்லிட்டேன்.

என்ன கலை? ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு 'செருப்பை இங்கே விடவும்'னு போர்டு எழுதியிருக்கேன். அதுலயும் இடம் பத்தாம 'விடவும்' கீழ் வரிக்குப் போயிருச்சு.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் என் பொண்டாட்டி சாந்தி பார்த்தா. "இது என்ன, பாப்பாவுக்கா?"

"இல்ல. சேருக்கு."

"அவருக்கு என்ன வயசு?"

டிரான்ஸ்பருக்காகத்தான்னு சொன்னதும் அவ முகமே மாறிருச்சு. "அப்ப ஒழுங்காச் செய்ங்க. நீங்க பதுளைக்கு வந்தாத்தான் இது வீடு. இல்லாட்டி உங்களுக்கு இது லொட்ஜ்."

ஒட்டுற வேலையிலயே சங்கு ஊதியாச்சு. கம் ரொம்ப நல்ல கம். பிளாஸ்டிக்கைத் தவிர எல்லாத்தையும் ஒட்டுச்சு. ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் ஒட்டிக்கிட்டு, ஒரு காலை நேரம் பூரா யாருக்கோ மூக்குப்பொடி குடுக்கிற மாதிரியே சுத்திக்கிட்டு இருந்தேன். டிராகனோட சிறகு ரெண்டும் உடைஞ்சுபோச்சு. சிறகில்லாத டிராகன் எப்படி இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. நம்ம லயத்து வீடுகள்ல சுத்துற நாய் மாதிரியே இருக்கும்.

அடுத்தது பெயின்ட். அரக்கனுக்குப் பச்சை அடிக்கணும். நான் கலந்த பச்சை நீலமாப் போச்சு. சரிபண்ணக் கொஞ்சம் கறுப்பு ஊத்தினேன். கருநீலமாப் போச்சு. மூக்குக்குக் கீழ கம் வழிஞ்சு காஞ்சு கிடந்துச்சு, அதை மறைக்க ஒரு மீசை வரைஞ்சேன். ஒரு பக்கம் பெருசாப் போச்சு, அதுக்குச் சமமா மறுபக்கமும் பெருசாக்கினேன். கண்ணுக்கு வெள்ளை வச்சா முழி வெளிய வந்துருச்சு. இடுப்புத் துணிக்குச் சிவப்பு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு.

சாந்தி எட்டிப் பார்த்துட்டு, "பெட்டியில இருக்கிற ஆளுக்கு இவரு என்ன முறை?"ன்னு கேட்டா.

அதோட சனிக்கிழமை காலையில ஒரே மூடுபனி. பெயின்ட் காயவே இல்ல, தொட்டா விரல்ல வருது. அடுப்புப் பக்கம் வச்சா புகை. பத்து மணி வாக்குல வெயில் தலை காட்டுச்சு. வீட்டுக்கு மேல, தேயிலை மலை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு மரம், மரத்தடியில ஒரு தட்டைக் கல்லு. நல்ல வெயில், நல்ல காத்து. பொம்மையை அந்தக் கல்லு மேல வச்சுட்டு, மேல பூசுற வார்னிஷ் வாங்கப் பசறைக்குப் பஸ் ஏறிட்டேன்.

இந்தத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கல்லு எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என்ன செய்ய, தேயிலைச் செடியோட தலையை மட்டமா வெட்டி விடுற கவ்வாத்து ஒரு மலைக்குச் சில வருசத்துக்கு ஒரு தடவைதான் வரும். வெட்டு ஆரம்பிக்கிற அன்னைக்கு, கத்தி யார் கையிலயும் காலுலயும் படாம இருக்கணும்னு கவ்வாத்துச் சாமிக்கு ஒரு பூசை போடுவாங்க. ஒரு கல்லை வச்சு, கத்தியெல்லாம் அதுக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் மலையில இறங்குவாங்க.

எங்க மலைக்கு அந்த நாள் அந்தச் சனிக்கிழமை. அந்தக் கல்லுதான் இந்தக் கல்லு.

நான் வார்னிஷோட திரும்பி வந்தப்ப மரத்தடியில ஒரே கூட்டம். மஞ்சத் தண்ணி, தேங்காய், எலுமிச்சம்பழம், வரிசையாக் கவ்வாத்துக் கத்தி. நடுவுல என் அரக்கன். கழுத்துல செவ்வந்தி மாலை, நெத்தியில சந்தனம், பொட்டு. காலடியில இருந்த டிராகனுக்கும் பொட்டு வச்சிருந்தாங்க. முன்னால எரிஞ்ச கற்பூரத்துல அரக்கனோட ஒரு கால் உருகிக் கோட்டைச் சுவரோட கலந்துருச்சு. சேரோட பொம்மை. என் டிரான்ஸ்பர். எனக்கு அழுகையே வந்துருச்சு.

மருதமுத்து கங்காணிதான் பூசை பண்ணிக்கிட்டு இருந்தாரு. கவ்வாத்து ஆளுங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

"ஐயா, இது என்னோட பொம்மைங்க."

"தெரியும் தம்பி. உங்க வீட்டுல சொல்லுச்சு, நீங்கதான் கையால செஞ்சீங்கன்னு. ரொம்ப சந்தோசம். இப்பல்லாம் படிச்ச புள்ளைங்க யாரு இதெல்லாம் செய்யுது?"

"இது சாமி இல்லைங்க. வெளிநாட்டு அரக்கன்."

"மீசை இருக்கு. கையில கவ்வாத்துக் கத்தி இருக்கு. காலடியில நாய் இருக்கு. வேற என்ன வேணும்?"

"இம்புட்டுச் சின்னதாவா சாமி இருக்கும்?"

"வெறும் கல்லையே சாமின்னு கும்புடுறோம் தம்பி. இதுக்கு மூஞ்சி வேற இருக்கு."

பொம்மையை எடுக்க மெதுவாக் கையை நீட்டினேன்.

கங்காணி குரலை உசத்தவே இல்ல. "எடுங்க தம்பி. உங்க பொருளு. ஆனா கவ்வாத்து முடியறதுக்குள்ள எவன் காலுல கத்தி பட்டாலும் நீங்கதான் வந்து பதில் சொல்லணும்."

சுத்திப் பார்த்தேன். எல்லார் கையிலயும் கத்தி. நான் எடுக்கல.

வீட்டுக்கு வந்து சாந்திக்கிட்ட பாய்ஞ்சேன். "உனக்குத் தெரியும்ல, அது சேரோடதுன்னு? கற்பூரம் யாரு குடுத்தது?"

"நான்தான். வாசல்ல வந்து கேட்டாங்க. சாமி காரியத்துக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அது சாமி இல்லடி!"

"நான் போறப்ப பூசை ஆரம்பிச்சாச்சு. அப்புறம் அது சாமியா இல்லையான்னு நாமளா முடிவு பண்றது?" அதோட விடல. "நானும் வேண்டிக்கிட்டேன், உங்களுக்கு டிரான்ஸ்பர் கிடைக்கணும்னு."

திங்கக்கிழமை சேர் முன்னால வெறுங்கையோட போய் நின்னேன். பொய் சொல்ல பஸ்ல வர்ற வழி பூரா யோசிச்சேன். எந்தப் பொய் சொன்னாலும் நடந்த உண்மையை மிஞ்ச முடியாதுன்னு தோணுச்சு. அதனால உண்மையையே சொல்லிட்டேன்.

சேர் கத்தல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "என் பொம்மைக்கா பூசை நடக்குது?"

"ஆமாங்க சேர்."

"நான் பார்க்கணும்."

அடுத்த சனிக்கிழமை ஜீப்புல வந்து இறங்கினாரு. உருகின காலைப் பார்த்ததும் என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மனுசன் கால்ல இருந்த சப்பாத்தைக் கழட்டினாரு. கங்காணி குடுத்த விபூதியைப் பூசிக்கிட்டு, கண்ணை மூடி நின்னாரு, நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. உதடு மட்டும் அசைஞ்சுச்சு. அவ்வளவு நேரம் ஒருத்தர் என் பெயின்ட் வேலையைப் பார்த்து நின்னதே கிடையாது. எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

"மனசுல ஏதாச்சும் நேர்ந்துக்கிட்டீங்களா சேர்?"னு கங்காணி கேட்டாரு.

"ஆமாங்க. நடந்தா ஒரு சேவல்."

எனக்காகத்தான் வேண்டிக்கிட்டாருன்னு நான் நினைச்சேன். எப்பேர்ப்பட்ட மனுசன்னு சாந்தி அவருக்குத் தேத்தண்ணியோட முறுக்கும் வச்சுக் குடுத்தா.

சேரோட வீடு பதுளையிலதான்னு எனக்குத் தெரியும். அவரும் என்னை மாதிரியே வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற ஆளுதான்னு மட்டும் எனக்குத் தோணவே இல்ல.

மூணாவது வாரம் டிரான்ஸ்பர் ஓடர் வந்துருச்சு. பதுளைக்கு. சேருக்கு.

மேசையைக் காலி பண்ணுறப்ப, கண்ணாடிக்கு அடியில இருந்த என் கடிதத்தை எடுத்துத் தூசி தட்டி என் கையிலயே குடுத்தாரு. "இனி நான் கையெழுத்துப் போட்டாச் செல்லாது. புதுசா வர்றவருக்கிட்ட முதல்ல இருந்து குடுங்க. நம்பிக்கையோட இருங்க. உங்க சாமி சக்தியுள்ள சாமி."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்வாங்க. இந்தச் சாமியை ஒட்டினது நான், மீசை வச்சது நான். எனக்கே குடுக்கல.

நேத்து சேர் பதுளையில இருந்து போன் பண்ணினாரு. குரல்ல அப்படியொரு குளிர்ச்சி, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுறவரு இல்லையா. "அந்தச் சேவல் நேர்த்தியை முடிக்கணும். எனக்கு வர நேரமில்ல. அங்க மொனராகலைப் பக்கம் நல்ல நாட்டுச் சேவல் கிடைக்கும். நீங்க எப்படியும் வெள்ளிக்கிழமை போறீங்கதானே?"

போறேன்தான். பஸ்ல இருந்துதான் இதை எழுதுறேன், மடியில சேவல். பக்கத்து சீட்டுக்காரர் பாவப்பட்டு அதையே பார்த்துக்கிட்டு வர்றாரு.

பாவப்பட வேண்டிய ஆளு நான். சேவல் ஞாயித்துக்கிழமை திரும்பி வர வேண்டியதில்ல.